மாமாவின் மைனஸ்

போன மாதம் நகரியில் என் அக்கா வீட்டுக்கு வந்து ஒரு பாஸ்புக்கைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள். பெண்ணையும் பார்க்கத்தான் வந்தார்கள். ஆனால் பெண்ணும் பையனும் ஏற்கெனவே ஒருவரை ஒருவர் போதுமான அளவுக்குப் பார்த்து முடித்துவிட்டவர்கள். இரண்டு பேருக்கும் ஸ்ரீசிட்டியில் ஒரே கம்பெனியில் வேலை. வேறு வேறு பிரிவு, ஒரே கேன்டீன். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகவே பையனின் அப்பாவுக்குப் பார்க்க மிச்சமிருந்தது பாஸ்புக் மட்டும்தான்.

அவர் பெயர் ஏகாம்பரம். வேலூர்ப் பக்கத்திலிருந்து திருப்பதிக்கு வந்து குடியேறியவர். மலைக்கு வருகிறவர்களுக்கு வேன் வாடகைக்கு விடும் டிராவல்ஸ் நடத்துகிறார். போனிலேயே எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லிவிட்டார். வரதட்சணை வேண்டாம். நகை உங்கள் இஷ்டம். சீர் செனத்தி என்று எதையும் கேட்கமாட்டோம். ஒரே ஒரு கண்டிஷன்தான்.

"கடன் இல்லாத குடும்பமா இருக்கணும் சார். பேங்க் புக்க ஒரு தபா பாத்துட்டா எனக்கு மனசு நிம்மதி."

எவ்வளவு பெரிய மனசு என்று அக்கா சரோஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா வீட்டுக்காரர், அதாவது என் மாமா தணிகாசலத்துக்கும் கண் கலங்கியது. காரணம் வேறு.

மாமாவுக்கு நகரியில் பதினாறு பவர்லூம் தறி. பேங்கில் எட்டு வருஷமாக ஓ.டி. ஓவர்டிராஃப்ட் என்று முழுப்பெயர் சொல்லி அதை நகரியில் யாரும் கூப்பிடுவதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன் — கணக்கில் பணமே இல்லாவிட்டாலும் எட்டு லட்சம் வரைக்கும் எடுத்துக்கொள்ளலாம். கைக்குப் பணம் வரும்போது கட்டலாம். எடுத்த தொகைக்கு, எடுத்த நாளுக்கு மட்டும் வட்டி. நூல்காரருக்குப் புதன்கிழமை கொடுத்தாக வேண்டும். தறி ஓட்டுகிறவர்களுக்குச் சனிக்கிழமை கூலி. துணியை எடுத்துப்போன வியாபாரியோ 'அடுத்த வாரம்' என்பதைக் காலண்டரில் அச்சடித்த தேதியாகவே நம்புகிறவர். நடுவில் விழும் பள்ளத்தை ஓ.டி.தான் நிரப்ப வேண்டும்.

அதனால் மாமாவின் கணக்கு எப்போதும் மைனஸில்தான் நிற்கும். ஐந்து லட்சம், ஆறு லட்சம், ஏழு லட்சம்... மேலே போகும், கீழே வரும், மைனஸை விட்டு மட்டும் வராது. மாமா அதைப் பற்றி ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை. கடன் என்றால் அடுத்தவன் வீட்டு வாசலில் நின்று வாங்குவது, இது நம் கணக்கில் நாம் எடுப்பது என்பது அவருடைய சித்தாந்தம். பக்கத்துத் தறிக்காரரிடம் சொன்னால் உடனே புரியும். சம்பந்தி ஆகப்போகிறவரிடம் சொன்னால்?

திருப்பதிப் பக்கத்தில் இருந்துகொண்டு கடனுக்கு வெட்கப்படலாமா, மலைமேல் இருப்பவரே கல்யாணக் கடனுக்கு இன்னும் வட்டி கட்டுகிறவர்தானே என்று கேட்பீர்கள். அந்த உதாரணத்தைப் பத்திரிகையில் வரும் இந்தப் பத்தியில் நான் ஏற்கெனவே நாலு தடவை எழுதிவிட்டேன். போதும்.

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன்.

வாராவாரம் பத்தி எழுதுகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது பிரச்சினை என்று வாயைத் திறந்தால் போதும், யோசனை சொல்லிவிடுவான். கேட்டவர் முடிக்கும்வரைகூடப் பொறுக்கமாட்டான். மாமா திருப்பதிக்கு என் வீட்டுக்கே வந்து, காபியைக்கூடத் தொடாமல், விஷயத்தைச் சொன்னார். நான் இரண்டே நிமிஷத்தில் தீர்த்துவைத்தேன்.

"வியாழக்கிழமை மைனஸை அடைச்சிடுங்க மாமா. வெள்ளிக்கிழமை அவர் வந்து பாத்துட்டுப் போகட்டும். சனிக்கிழமையிலேர்ந்து பழையபடி எடுத்துக்கோங்க."

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த மரியாதையை என் கல்யாணத்துக்குப் பிறகு நான் எங்கேயுமே பார்த்ததில்லை. பொய் சொல்லவில்லை பாருங்கள். உண்மையிலேயே கடனைக் கட்டிவிடுகிறோம். மறுபடி வாங்குவோம், அது வேறு விஷயம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்று பெரியவர்களே அனுமதி கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் ஒன்றுக்கே தயங்கினோம் என்றால் எங்கள் யோக்கியதையைப் புரிந்துகொள்ளுங்கள்.

அன்றைய நிலவரம், ஆறு லட்சத்து நாற்பதாயிரம் மைனஸ். கல்யாணச் செலவுக்கென்று மாமா சீட்டு எடுத்து வைத்திருந்தது நாலு லட்சம். துணி வியாபாரி அதிசயமாகச் சொன்ன தேதிக்குக் கொடுத்த ஒன்றரை லட்சம். அக்கா எங்கெங்கோ ஒளித்து வைத்திருந்த ஐம்பத்தோராயிரம். யோசனை சொன்ன பாவத்துக்கு நான் என் மனைவிக்குத் தெரியாமல் கொடுத்த ஐம்பதாயிரம். எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போய் வியாழக்கிழமை கட்டினோம். எட்டு வருஷத்தில் முதல் முறையாக மாமாவின் கணக்கு ப்ளஸில் வந்தது. பதினோராயிரம் ப்ளஸ்.

இன்னொரு சாமர்த்தியமும் செய்தோம். பழைய பாஸ்புக்கில் பக்கம் பக்கமாக மைனஸ் இருக்குமே? நல்ல வேளையாக அது கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தது. புது பாஸ்புக் வாங்கி, முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி அச்சடித்துக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை ஏகாம்பரம் குடும்பத்தோடு வந்தார். போண்டா சாப்பிட்டார். பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு பாஸ்புக்கை வாங்கினார். ஜாதகத்தை வாங்குகிற மாதிரியே இரண்டு கையாலும் வாங்கினார். அந்த ஒற்றை வரியை வெகுநேரம் படித்தார். வேறு கடன்... நகைக் கடன், வீட்டு மேல் கடன் ஏதாவது? இல்லை என்றார் மாமா. ஷெட் பத்திரம்? அதன்மேலும் எந்தக் கடனும் இல்லை என்றார் மாமா. அந்த நிமிஷத்துக்கு அது முழு உண்மை.

ஏகாம்பரத்தின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. இந்தக் காலத்தில் இப்படி ஒரு குடும்பமா என்று மூன்று தடவை சொன்னார். அடுத்த வியாழக்கிழமையே நிச்சயதார்த்தம் என்று முடிவானது. எனக்குள் கர்வம் பொங்கி வழிந்தது. இதைப் பத்தியாக எழுதிவிட வேண்டும் என்று அப்போதே தலைப்பு யோசித்தேன்.

எழுதுகிறேன் பாருங்கள், இதோ. தலைப்பு மட்டும் வேறு.

சனிக்கிழமை காலை. வெள்ளிக்கிழமை மிச்சமான போண்டாவுக்காக நான் ஊருக்குத் திரும்பாமல் நகரியிலேயே தங்கியிருந்தேன். மாமா கூலிப் பணத்துக்குச் செக் எழுதிக்கொண்டு கிளம்பினார். சும்மா வாயேன் மச்சான் என்றார். போனேன்.

கேஷியர் செக்கைத் திருப்பிக் கொடுத்தார். கணக்கில் பதினோராயிரம்தான் இருக்கிறது என்றார்.

ஓ.டி. இருக்கிறதே என்றார் மாமா. இல்லை என்றார் கேஷியர். எட்டு லட்சம் லிமிட் என்றார் மாமா. லிமிட் பூஜ்யம் என்றார் கேஷியர். மாமா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

மேனேஜர் பீமவரத்திலிருந்து மாற்றலாகி வந்திருக்கும் சின்னப் பெண். நல்ல மாதிரி. எங்களை உட்காரவைத்து, கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, சந்தோஷமாகச் சொன்னார். "லோன் மொத்தம் கட்டேசாரு கதண்டி. ஜீரோ ஐதே சிஸ்டமே க்ளோஸ் சேஸேஸ்துந்தி. கங்ராட்ஸ்."

முழுவதும் கட்டிவிட்டீர்கள், பூஜ்யம் ஆனதும் சிஸ்டம் தானே மூடிவிட்டது, வாழ்த்துகள். விஷயம் இதுதான் — மாமாவின் ஓ.டி.யைப் புதுப்பிக்காமல் ரொம்ப நாளாகக் கிடப்பில் இருந்திருக்கிறது. இந்த மாதிரிச் சின்ன ஓ.டி.களையெல்லாம் மூடிவிடச் சொல்லி மேலிடத்தில் எப்போதோ முடிவெடுத்துவிட்டார்கள். ஆனால் ஆறு லட்சம் பாக்கி நிற்கிற கணக்கை மூட முடியுமா? ஆகவே சிஸ்டம் காத்திருந்தது. அது எப்போதாவது ஒரு நாள் பூஜ்யத்துக்கு வரட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தது. நாங்கள் மஞ்சள் பையோடு போய் அதன் விரதத்தை முடித்துவைத்தோம்.

மாமா கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தெலுங்கு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அடிவயிற்றிலிருந்து வரும்போது தமிழ்தான் வந்தது.

"எட்டு வருஷமா கட்டாம வெச்சிருந்தேன்... மரியாதையா நடத்திக்கினு வந்தீங்கோ. ஒரு நாள் கட்னேன். மூடிட்டீங்க. கட்னது தப்பாம்மா?"

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டேன். சொன்னோமே என்றார். மூன்று தடவை இமெயில் போயிருக்கிறது. எந்த இமெயில்? ஃபைலைத் திருப்பிக் காட்டினார். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஓ.டி.க்கு விண்ணப்பம் போட்டபோது இமெயில் கட்டாயம் என்றிருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு நெட் சென்டர்காரர் தன்னுடைய இமெயிலையே எழுதிக் கொடுத்திருக்கிறார். நகரியில் பாதித் தறிக்காரர்களின் இமெயில் அவருடையதுதானாம். அந்த சென்டரை மூடிவிட்டு அவர் தடாப் பக்கம் கோழிக்கடை வைத்து வருஷம் நாலாகிறது. ஆக, எங்கள் மாமாவுக்கான மூன்று எச்சரிக்கைகளும் முறைப்படி, காலாகாலத்தில், கோழிக்கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

இதை யோசித்துப் பார்த்தேன். நமக்கு வருகிற எச்சரிக்கைகள் எல்லாம் யாருக்காக? நாம் கேட்டுத் திருந்தவா? இல்லை. பிற்பாடு 'சொன்னோமே' என்று சொல்வதற்காக. சிகரெட் அட்டையிலிருந்து ஆஸ்பத்திரி ஃபாரம் வரைக்கும் இதே சங்கதிதான். அடைக்கச் சொல்லி வருஷத்துக்கு நூறு தடவை போன் செய்கிறவர்கள், அடைத்தால் மூடிவிடுவோம் என்று ஒரு தடவை போன் செய்யமாட்டார்களா?

கோபத்தை இங்கே எழுதிவிட்டேன். பேங்கில் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. யோசனை என்னுடையதாயிற்றே.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னோம். இது யார் கொடுத்த யோசனை என்று அக்கா கேட்டாள். மாமா ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. "நான்தான்" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. வாயைத் திறந்து 'நான்தான் அக்கா' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இந்தப் பத்தியில்தான் முதல் முறையாகச் சொல்கிறேன்.

நிலைமையைக் கொஞ்சம் பாருங்கள். சாயங்காலம் பன்னிரண்டு பேருக்குக் கூலி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் திங்கட்கிழமை அவர்கள் பக்கத்து ஷெட்டுக்குப் போய்விடுவார்கள். போகக் கூடாது என்று சொல்ல முடியுமா? அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். தறி நின்றால் துணி இல்லை. துணி இல்லையென்றால் வியாபாரியிடமிருந்து பணம் இல்லை. வியாழக்கிழமை நிச்சயதார்த்தம். அதற்கு வைத்திருந்த சீட்டுப் பணம் பேங்க் வயிற்றுக்குள். போய் ஏகாம்பரத்திடம் கொஞ்சம் தள்ளிவைக்கலாமா என்று கேட்டால், ஏன் என்பார். ஏன் என்று சொன்னால் கல்யாணமே நின்றுவிடும்.

மாமா மத்தியானம் முழுக்க ஷெட்டிலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பிட வரவில்லை. "போய் துன்னுங்க, எனக்கு வாணாம்" என்று அனுப்பிவிட்டார். தறிச் சத்தத்தில் உட்கார்ந்திருந்தால் யாரும் பேச்சுக் கொடுக்க முடியாது, அதற்காகத்தான் அங்கே உட்கார்ந்திருந்தார் என்று எனக்குத் தெரியும்.

சாயங்காலம் அக்கா மகள் ஹேமா வேலை முடிந்து, கம்பெனி பஸ்ஸில் பிச்சாட்டூர் வழியாக வந்து இறங்கினாள். அதுவரைக்கும் அவளுக்கு எதுவும் தெரியாது. வியாழக்கிழமை நாங்கள் செய்த கூத்தை அவளிடம் மறைத்திருந்தோம். கல்யாணப் பெண், கவலைப்படுவாளே என்று. அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். அவள் பையைக்கூட இறக்கி வைக்காமல் நேரே ஷெட்டுக்குப் போனாள். கூலி நோட்டை எடுத்தாள். ஒவ்வொருவர் பெயராகப் பார்த்து, ஸ்கூட்டர் வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணத்திலிருந்து போனிலேயே அனுப்பினாள். பன்னிரண்டு பேரின் போனும் வரிசையாகக் 'கிளிங்' என்றது. பத்து நிமிஷம்தான். என் யோசனையைவிட வேகமான வேலை.

பிறகு மாமா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"மறைக்கறதுக்கு இன்னா கீது நைனா? நம்ம கணக்கு மைனஸ்லதான் ஓடும்னு நான் அவர்கிட்ட அப்பவே சொல்லிட்டேன்."

மாமா பதறி எழுந்தார். அவன் அவங்க அப்பாகிட்ட சொல்லிவிடுவானே என்றார்.

"சொல்லமாட்டார்."

அவங்க வீட்டில் ஏன் அப்படி ஒரு கண்டிஷன் போட்டாங்க, அதை அவன் சொன்னானா என்று நான் நடுவில் புகுந்து கேட்டேன். அவங்க வீட்டு விஷயத்தை அவங்கதான் சொல்லணும் மாமா என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அதில் ஏதோ இருக்கிறது என்று எனக்கு உறைக்கவில்லை. மனித மனங்களைப் பற்றி வாரம் தவறாமல் எழுதுகிறேன் பாருங்கள், அதனால்.

நகரி மேனேஜர் பெண் ஒரு வழி சொல்லியிருந்தார். மூடின ஓ.டி.யைத் திறக்க அவருக்கு அதிகாரம் இல்லை. திருப்பதியில் மண்டல அலுவலகத்துக்குப் போய் மனுக் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை மட்டும்தான் இந்த மாதிரி மனுக்களைப் பார்ப்பார்கள். ஷெட் பத்திரத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மாமாவும் நானும் அங்கே இருந்தோம். மாடியில் நீளமான ஹால். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். கடைசி நாற்காலியில், மடியில் ஃபைலோடு, ஏகாம்பரம்.

மாமா என் முழங்கையைப் பிடித்தார். ஓடிவிடலாமா என்ற பிடி அது. அதற்குள் ஏகாம்பரம் பார்த்துவிட்டார். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். எங்களைப் பார்த்ததும் அவருக்கும் முகம் வெளுத்துவிட்டது.

"சார்... நீங்க எங்க இந்தப் பக்கம்?"

"சும்மா... லாக்கர் விஷயமா" என்றார் மாமா. "நீங்க?"

"நானா? பாஸ்புக்ல என்ட்ரி போட வந்தேன்."

இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். அது மண்டல அலுவலகம். அங்கே லாக்கரும் கிடையாது, பாஸ்புக் மெஷினும் கிடையாது, கவுன்ட்டர்கூடக் கிடையாது. எனக்குத் தெரியும். அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பெரிய மனிதர்கள் ஒருவருக்கொருவர் பொய் சொல்லும்போது நடுவில் உட்கார்ந்திருப்பதைப் போலக் கஷ்டம் வேறில்லை. வெயிலைப் பற்றிப் பேசினோம். மலையில் கூட்டத்தைப் பற்றிப் பேசினோம்.

இருபது நிமிஷம் கழித்து ஒரு கிளார்க் வாசலில் வந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரித் தெலுங்கில் அறிவித்தார். "ஓ.டி. கேன்சல் கேஸுலு அந்தரூ ரண்டி."

ஓ.டி. ரத்தான கேஸ்கள் எல்லோரும் வாருங்கள். நாற்காலிகளில் இருந்தது மொத்தம் நாங்கள் மூன்று பேர். நான் கேஸ் இல்லை.

மாமா எழுந்திருக்கவில்லை. ஏகாம்பரமும் எழுந்திருக்கவில்லை. கிளார்க் மறுபடி கூப்பிட்டார். இரண்டு பேரும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மாமாதான் பேசினார். நான் எதிர்பார்க்கவில்லை.

"ஏகாம்பரம் சார், உங்ககிட்ட நான் பொய் சொல்லிட்டேன். அந்தப் பதினோராயிரம் வியாழக்கிழமை வந்தது. புதன்கிழமை வரிக்கும் ஆறு லட்சத்து நாப்பதாயிரம் மைனஸ். உங்களுக்குக் காட்றதுக்காக அடைச்சேன். அடைச்சதும் மூடிட்டாங்க. இந்தச் சம்பந்தம் வாணாம்னா சொல்லிடுங்க. பொண்ணு மேல ஒண்ணியும் தப்பில்ல."

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. இதற்குமேல் என்ன நடந்தாலும் பரவாயில்லை, இப்படி ஒரு மனுஷனுக்கு மச்சானாக இருப்பதே போதும் என்று தோன்றியது.

ஏகாம்பரம் ஃபைலைத் திறந்தார், மூடினார். பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். அவருக்கும் இதே பேங்கில், திருப்பதிக் கிளையில், ஐந்து லட்சம் ஓ.டி. இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் டீசல் பங்க்குக்குக் கொடுத்த செக் திரும்பி வந்தபோதுதான் லிமிட்டைத் தூக்கிவிட்டார்கள் என்றே தெரிந்தது. ஒரு வேனை விற்றுப் பாக்கியை அடைத்தார். மறுபடி ஓ.டி. கேட்டதற்கு, கடனே இல்லாத, சொந்தமாகப் பத்திரம் வைத்திருக்கிற ஒரு ஆளை ஜாமீனுக்குக் கொண்டுவாருங்கள் என்றிருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் எல்லோரையும் யோசித்துப் பார்த்தார். கடன் இல்லாத ஆள் ஒருவர்கூட இல்லை. அந்தச் சமயத்தில்தான் பையன் இந்தச் சம்பந்தத்தைச் சொன்னான்.

ஒரே கல்லில் ரெண்டு மாங்காய். வரதட்சணை வேண்டாம், நகை வேண்டாம், கடன் மட்டும் இருக்கக் கூடாது. எவ்வளவு பெரிய மனசு என்று அக்கா கண் கலங்கினாளே... அந்தப் பெரிய மனசுக்குத் தேவைப்பட்டது ஒரு ஜாமீன் கையெழுத்து.

"நிச்சயம் முடிஞ்சதும் கேக்கலாம்னு இருந்தேன். புது பாஸ்புக்க பாத்தப்பவே ஒரு டவுட்டு சார். பதினாறு தறி ஓட்றவர் கணக்குல மைனஸே இல்லாம எப்படி? ஆனா எனக்கு வேண்டியது அன்னிக்குக் கடன் இல்லன்ற நெலமதான். அதனால கேக்கல."

மாமா சிரித்தார். வயிறு குலுங்க, சத்தமே இல்லாமல் சிரித்தார். ஏகாம்பரமும் ஆரம்பித்துவிட்டார். கிளார்க் கடுப்பாகி உள்ளே போய்விட்டார். சனிக்கிழமை ஹேமா சொன்னதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பிள்ளைகள் இரண்டு பேரும் கேன்டீனில் உட்கார்ந்து எல்லாக் கடனையும் ஒருவருக்கொருவர் சொல்லி முடித்துவிட்டுத்தான் வீட்டில் பேச்சே எடுத்திருக்கிறார்கள். மறைத்துக்கொண்டு திரிந்தது ஐம்பதைத் தாண்டிய நாங்கள் மூன்று பேர்.

உள்ளே போனோம். அதிகாரி நடுத்தர வயதுக்காரர். இரண்டு ஃபைலையும் புரட்டினார். அவர் சொன்னதை நான் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். இரண்டு பேர் கணக்கிலும் இப்போது ஒரு ரூபாய் பாக்கி இல்லை. இரண்டு பேருக்கும் சொத்துப் பத்திரம் இருக்கிறது, அதன்மேல் எந்தக் கடனும் இல்லை. பேங்கின் பார்வையில் நீங்கள் இரண்டு பேரும் முதல் தரமான ஜாமீன்தாரர்கள் என்றார்.

நன்றாகக் கவனியுங்கள். இரண்டு பேருக்கும் கடனை நிறுத்தியதே அவர்கள்தான். நிறுத்தியதால் இரண்டு பேரும் கடன் இல்லாதவர்கள் ஆனார்கள். கடன் இல்லாதவர்கள் ஆனதால் இப்போது கடனுக்குத் தகுதியானவர்கள் ஆகிவிட்டார்கள். இதைக் கண்டுபிடித்த மூளைக்குப் பெயர்தான் சிஸ்டம்.

புதிதாக விண்ணப்பம் போடுங்கள், இவருக்கு அவர், அவருக்கு இவர் ஜாமீன் கையெழுத்துப் போடுங்கள், மூன்று வாரத்தில் முடிவு தெரியும் என்றார். கிடைக்கும் என்று உறுதி சொல்லவில்லை. கிடைக்காது என்றும் சொல்லவில்லை. இமெயில் கட்டத்தில் இந்தத் தடவை ஹேமாவின் முகவரியை எழுதினோம்.

ஃபாரத்தைப் பூர்த்தி செய்துகொண்டே வந்த ஏகாம்பரத்தின் பேனா ஒரு இடத்தில் நின்றது. மாமாவின் பேனாவும் அதே இடத்தில் நின்றிருந்தது. எட்டிப் பார்த்தேன். 'விண்ணப்பதாரருக்கு ஜாமீன்தாரர் என்ன உறவு?'

மாமா என்ன எழுதுவார்? அவர்தான் வேண்டாமென்றால் சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டாரே. பதில் இன்னும் வரவில்லை. சிரித்தது எல்லாம் சரி. சிரிப்பு பதில் ஆகுமா? 'நண்பர்' என்று எழுதலாமா என்று என்னைக் கண்ணாலேயே கேட்டார். யோசனை சொல்கிற வாயை நான் இறுக மூடிக்கொண்டேன்.

ஏகாம்பரம் தலையைக் குனிந்து, பெரிய எழுத்தில், தமிழிலேயே எழுதினார். சம்பந்தி. எழுதிவிட்டு ஃபாரத்தை மாமா பக்கம் திருப்பி வைத்தார், பார்த்து எழுதுகிற மாதிரி.

மாமா பார்த்து எழுதினார். எழுத்து கட்டத்தைத் தாண்டிப் போனது.

அதிகாரிக்குத் தமிழ் படிக்க வராது. இது என்ன என்று கேட்டார். வியங்குடு என்று தெலுங்கில் சொன்னேன். கண்ணாடியை இறக்கி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்கேஜ்மென்ட் ஐபோயிந்தா?" என்றார்.

நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டதா? ஏகாம்பரம்தான் சொன்னார்.

"இப்பத்தான் சார் ஆயிக்கினு கீது. நீங்க சீல் போடுங்க."

அதிகாரி ரப்பர் ஸ்டாம்பை எடுத்து, மையில் அழுத்தி, இரண்டு ஃபாரத்திலும் ஓங்கிக் குத்தினார்.

டம்... டம்... கெட்டிமேளம்தான், வேறென்ன?